வியாழக்கிழமை மூன்று மணி

மே மாதத்தில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு, "குடிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இப்படி ஒரு வரியில் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த மே மாதமே போய் அதைத்தான் செய்வீர்கள். எனக்கும் ஒருவர் ஒரு வரியில் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புனே சாங்வியில் என் வீட்டுக்கு இட்லி தின்ன வந்தீர்களே, என்னிடம் வேலை பழகுகிற ஐந்து பேர், அதில் ஒருத்தி கேட்டாள்: "முப்பது வருஷம் இந்த வேலை பார்த்திருக்கீங்க மேடம், எப்பவாவது பயந்திருக்கீங்களா?" நான் சட்னிக் கிண்ணத்தை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு, மெட்ரோ வேலை எப்போது முடியும் என்று பேச ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். உங்களில் ரெண்டு பேருக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறும் என்று தெரியும். மற்றவர்கள் வாசித்துக் காட்டுங்கள். மொபைலில் போட்டு இங்கிலீஷாக மாற்றிப் படித்தீர்கள் என்று தெரிந்தால் அடுத்த ஞாயிறு இட்லி கிடையாது.

நம் வேலை என்ன என்று உங்கள் வீட்டில் கேட்டால் எப்படிச் சொல்கிறீர்களோ தெரியாது. நான் என் அம்மாவிடம் இப்படிச் சொல்வேன்: "மூடிப்போன பேக்டரி இருக்கும்லா, அது விட்டுட்டுப் போன விஷம் மண்ணுல எங்க இருக்கு, தண்ணியில எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லணும். சுத்தம் பண்ணின பிறகு சுத்தமாயிட்டான்னும் சொல்லணும்." அம்மா உடனே கேட்டாள். "நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா?" அவள் மூன்றாம் வகுப்பு படித்தவள். இந்தக் கேள்வியை எந்த இன்டர்வியூவிலும் என்னை யாரும் கேட்கவில்லை.

புனே பக்கத்தில், சாகணுக்கு வெளியே ஒரு குரோம் பிளேட்டிங் தொழிற்சாலை இருந்தது. வண்டிகளின் பம்பருக்கும் சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் பளபளவென்று முலாம் பூசுவார்கள். அது மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. முதலாளி எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. அவன் விட்டுப்போன கசடு மட்டும் போகவில்லை. அந்த நிலத்தைச் சுத்தம் செய்து, மேலே சோலார் தகடுகளை நிறுத்துவதாகத் திட்டம். நாட்டுக்கு வெயிலிலிருந்து மின்சாரம் வேண்டும். விவசாயியின் நிலத்தைக் கேட்டால் அவன் தடியை எடுப்பான், அதில் நியாயமும் இருக்கிறது. இந்த மாதிரிச் செத்த நிலங்களோ யாருக்கும் வேண்டாமல் கிடக்கின்றன. பழைய அழுக்கும் போகும், புது மின்சாரமும் வரும். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கும் அது நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லோருக்கும் பிடித்துப்போன ஒரு காரியத்தில் குறுக்கே கேள்வி கேட்க ஒருத்தருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை.

தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி ஒரே வரிசையில் பத்து வீடுகள். முன்னாள் தொழிலாளிகளின் குடும்பங்கள். வீடுகளுக்கு நடுவில் ஒரு கிணறு. பல வருஷமாக அந்தக் கிணற்றைத் தொடாதே என்று சொல்லி, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை டேங்கர் லாரியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரி சுரேகா. பகலில் தொழிற்சாலை கேட்டைக் காப்பாள், எங்கள் ஆட்களுக்கு டீ போட்டுத் தருவாள். அவள் புருஷன் அதே தொழிற்சாலையில் முலாம் தொட்டியருகே வேலை பார்த்தவர். ஆவி பட்டுப்பட்டு மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாகிவிட்டது என்றும், மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை மஞ்சளாகும் என்றும் சொல்வாள். நான் போவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். சுரேகா என்னைத் தாயி என்று கூப்பிடுவாள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம்.

சுத்தம் செய்யும் வேலை ஏப்ரலில் முடிந்தது. கசடை வாரி லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். மே மாதம் நான் போய் மண்ணும் தண்ணீரும் எடுத்தேன். ஏன் மே மாதம்? உங்களுக்கே தெரியும். புனேயைச் சுற்றி இருக்கிற கரிசல் மண்ணில் ஜூன் மழை விழுந்துவிட்டால் துளை போடுகிற போர் வண்டி இறங்காது. இறங்கினால் ஏறாது. அதனால் நம் தொழிலில் எல்லோரும் எல்லாவற்றையும் மே மாதத்துக்குள் முடித்துவிடுவோம். யாரும் இதை விதி என்று எழுதி வைக்கவில்லை, பழக்கம்தான். பழக்கமாக இருந்ததாலேயே நானும் அதை யோசித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்குப் போர் போட வந்தவர் ஒரு மராத்திக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டு, மண்ணை விரலில் எடுத்து மோந்து பார்ப்பார். நான் கிணற்றில் பாட்டிலை இறக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"தாயி, இப்ப தண்ணி எங்கயோ அடியில கிடக்கு. சிராவண மாசம், ஆகஸ்ட் மழையில, வந்து ஒரு தடவை பாருங்க. அப்ப மேல ஏறியிருக்கும்."

"சிராவண மாசம் உங்க வண்டி இந்த மண்ணுல இறங்குமா?" என்றேன்.

"என் வண்டி எதுக்கு? உங்க கையில கயிறும் பாட்டிலும் இருந்தாப் போதாதா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன், அதோடு விட்டுவிட்டேன். பரிசோதனை முடிவு வந்தது. கிணற்றில் குரோமியம் கண்டறியும் அளவுக்கு இல்லை. "தண்ணீர் குடிக்கத் தகுந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தைக் காட்டி டேங்கரை நிறுத்தினார்கள்.

நடந்தது இதுதான், உங்களில் புதியவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மே மாதம் கிணற்றில் தண்ணீர் முப்பது அடிக்குக் கீழே இருந்தது. பழைய தொட்டியின் கான்கிரீட் அடித்தளத்துக்குக் கீழே, பதினைந்து அடி ஆழத்தில், யாரும் வாராத கசடு கொஞ்சம் பாறை வெடிப்புகளுக்குள் உட்கார்ந்திருந்தது. அப்போது ரெண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. மழை பெய்து பூமிக்குள் தண்ணீர் ஏற ஏற, அது போய்க் கசடைத் தொட்டது. தொட்ட தண்ணீர் கிணற்றுக்கு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புரிகிற விஷயம். அப்போதே இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்திருந்தவளுக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம். திங்கட்கிழமை அந்த இடத்தில் பூமி பூஜை, பெரிய மனிதர்கள் வருகிறார்கள். பந்தல் போட்டாகிவிட்டது. வருகிறவர்கள் பார்ப்பதற்காக முதல் வரிசைக் கம்பங்களை நிறுத்திவைக்க வேண்டும் என்று கையால் குழி தோண்டியிருந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் நான் சும்மா ஒரு பார்வை பார்க்கப் போனேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தூறல். குழிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. முந்தின நாள் தோண்டிய குழி என்பதால் மண் அடியில் படிந்து மேல்தண்ணீர் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவில் லேசாக ஒரு மஞ்சள்.

குனிந்து பாட்டிலில் மொண்டேன். நோட்டுப் புத்தகத்தின் வெள்ளைப் பக்கத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள்தான். பையில் சின்ன சோதனைப் பெட்டி இருந்தது. தண்ணீரில் அதன் பொடியைப் போட்டால், குரோம் இருந்தால் ஊதா நிறம் வரும். போட்டேன். கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. எழுந்து சுவரைச் சுற்றிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். ஓடினேன் என்று சொல்ல ஆசை, ஆனால் நடந்துதான் போனேன். கிணற்றில் தண்ணீர் கையெட்டும் உயரத்துக்கு ஏறியிருந்தது. பார்வைக்கு ஸ்படிகம் மாதிரி. பொடியைப் போட்டேன். கத்தரிப்பூ அளவுக்கு இல்லை, வெளிறின ஊதா. ஆனால் ஊதா. மணி பார்த்தேன். மூன்று.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். பத்துக் கதவையும் தட்டியிருக்க வேண்டும். நான் செய்தது, பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தது. காலாவதித் தேதி போன ஜூனோடு முடிந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பழைய பொடி, பொய் சொல்லலாம். அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அதற்குப் பல வருஷம் முன்பு ஒரு குடியிருப்பில் இதே மாதிரிப் பெட்டியை வைத்துச் சோதித்துவிட்டு, "உங்க போர் தண்ணியில குரோம்" என்று வாய்விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஊரே இரண்டு பட்டது. அழுகை, கூச்சல், ஒரு தகப்பன் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பிறகு பார்த்தால், என் பாட்டில் முந்தின வாரம் வேறு இடத்தில் பயன்படுத்திச் சரியாகக் கழுவாதது. தண்ணீர் சுத்தமாக இருந்தது. அந்தக் குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீயும் ஒரு தாய்தானா?" என்றாள். அன்றோடு சபதம் எடுத்தேன். லேப் காகிதம் கைக்கு வராமல் இனி வாயைத் திறப்பதில்லை.

கிணற்றடியில் நின்றே எங்கள் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, நீங்கள் அவரைப் பற்றி ஏதாவது கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

"எக்ஸ்பயரி ஆன கிட்டை வச்சுக்கிட்டு ஏன் மேடம் பதறுறீங்க? பாட்டிலை லேபுக்கு அனுப்புங்க. சனிக்கிழமை ரிசல்ட். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. சரி என்றேன். சரி என்று சொன்னதும் மனசு லேசானது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சுரேகா வீட்டில் விசேஷம். அவள் மகள் வைஷாலி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், ஏழாம் மாதம். இங்கே டோஹாளே ஜேவண் என்பார்கள். நம் வளைகாப்பு மாதிரி. வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு மசக்கையில் என்னவெல்லாம் ஆசையோ அதையெல்லாம் சமைத்துப் போடும் விருந்து. "நீங்க வந்தாத்தான் ஆரம்பிப்பேன் தாயி" என்று சுரேகா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டிலை ஆளிடம் கொடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போக நினைத்தேன். கேட்டிலேயே பிடித்துக்கொண்டாள்.

போனேன். வாசலில் ஊஞ்சல் கட்டி, பூச்சரம் சுற்றி, அதில் வைஷாலியை உட்கார வைத்திருந்தார்கள். பச்சைப் புடவை, முழங்கை வரை பச்சை வளையல், தலையில், கழுத்தில், கையில் எல்லாம் பூவிலேயே நகை. பத்து வீட்டுப் பெண்களும் பாட்டுப் பாடிக்கொண்டு ஊஞ்சலை ஆட்டினார்கள். ரெண்டு கிண்ணத்தை மூடி அவள் முன்னால் வைத்தார்கள். ஒன்றில் பர்ஃபி, இன்னொன்றில் பேடா. பர்ஃபியைத் திறந்தால் பெண் குழந்தை, பேடாவைத் திறந்தால் பையன். வைஷாலி பர்ஃபியைத் திறந்தாள். "ஐயோ, இன்னொரு வாயாடியா!" என்று ஒரு கிழவி கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கண் மட்டும் மூலையில் இருந்த பித்தளைக் குடங்களை விட்டு நகரவில்லை. நான்கு குடம். நான்கும் கிணற்றுத் தண்ணீர். சோறு அதில்தான் வெந்தது, பருப்பு அதில்தான், சர்பத் அதில்தான் கலந்தது.

மடி நிரப்ப என்னைக் கூப்பிட்டார்கள். தேங்காயும் அரிசியும் ரவிக்கைத் துணியும் எடுத்து வைஷாலியின் முந்தானையில் வைத்தேன். அவள் என் விரலைப் பிடித்தாள்.

"தாயி, என்ன கை இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"

"மழையில நனைஞ்சுட்டேன்மா."

இப்போது சொல்லிவிடலாம், சுரேகாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எழுந்தேன். ஒவ்வொரு தடவையும் யாராவது பாட்டை ஆரம்பித்தார்கள், அல்லது ஆரம்பித்ததாக நான் சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஒருவேளை சுத்தமாக இருந்தால்? ஒரு பெண்ணின் நல்ல நாளைக் கெடுத்த பாவி ஆகிவிடுவேனே? சுரேகா ஒரு எவர்சில்வர் டம்ளரில் கோகம் என்கிற புளிப்புப் பழத்துச் சர்பத் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். வைஷாலிக்கும் ஒன்று கொடுத்தாள். வைஷாலி ஒரே மூச்சில் குடித்தாள், அவளுக்கு அன்று நல்ல தாகம். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு, கை கழுவப் போகிறவள் மாதிரி வீட்டுக்குப் பின்னால் போனேன். பப்பாளி மரத்தடியில் சர்பத்தை ஊற்றினேன். காலி டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்தது" என்றேன்.

பிள்ளைகளே, அதைத் திரும்ப ஒரு தடவை வாசியுங்கள். கிட் காலாவதி, நிச்சயம் இல்லை, லேப் சொல்லட்டும் என்று ஊருக்குச் சொல்லாமல் இருந்தவள் நான். என் தொண்டைக்கு மட்டும் லேப் காகிதம் தேவைப்படவில்லை.

அன்று ராத்திரி எப்படிப் போனது என்று எழுதப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருந்தேன். எந்த வீரமும் இல்லை. பயம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். சொல்லிவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தைவிட, சொல்லாமல் இன்னொரு குடம் நிரம்பிவிடுமோ என்ற பயம் பெரிதாகிவிட்டது.

சுரேகா இடுப்பில் குடத்தோடு கிணற்றடியில் நின்றாள்.

"சுரேகா, இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க. சமைக்கவும் வேண்டாம். குரோம் இருக்கற மாதிரித் தெரியுது. லேப் ரிசல்ட் வரலை. நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். ஆனா குடிக்காதீங்க."

குரோம் என்ற வார்த்தையை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குடத்தை இறக்கி வைத்தாள். ரொம்ப மெதுவாக இறக்கி வைத்தாள். திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். அங்கே வைஷாலி நேற்றைய வளையல்களோடு படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"மே மாசம் நல்ல தண்ணின்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து உள்ளே வீசினாள். பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினாள். அஞ்சு நிமிஷத்தில் எல்லாப் பெண்களும் வெளியே வந்து, அடுப்பில் இருந்த டீயைச் சாக்கடையில் கொட்டினார்கள். ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். நான் நடுவில் நின்றேன்.

சுரேகாதான் சொன்னாள். "வாயால சொன்னா நாளைக்கு இல்லேன்னுடுவாங்க. எழுதிக் குடுங்க. கேட்டுல ஒட்டணும். திங்கக்கிழமை வர்றவங்களும் படிக்கட்டும்."

அதற்குள் முதலாளியின் போன். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மேடம், எழுதறதா இருந்தா நாளைக்கு ரிசல்ட் வந்த தேதியைப் போட்டு எழுதலாம். நாம உடனே நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கும்."

"இல்ல சார், இப்பவே எழுதறேன்."

"அப்படின்னா உங்க பேர்ல எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம்."

முப்பது வருஷம் புனேயில் இருந்தும் எனக்கு மராத்தி பேசத்தான் வரும், எழுதினால் பத்து வார்த்தைக்கு நாலு தப்பு. வைஷாலி பன்னிரண்டாவது வரை படித்தவள், கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அவளே நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் பயம் தெரிந்தது, ஆனால் கோபம் இல்லை. நானாக வந்து சொன்னேனே என்று என் மேல் அப்போது அவளுக்கு நன்றி கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று மே மாதம் நான் கொடுத்த சான்று தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. தண்ணீரில் விஷம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியவந்தது...

"எப்பன்னு போடட்டும் தாயி? இன்னைக்குக் காலையிலன்னு போடவா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவளே வழி திறந்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். எனக்கும் முதலாளிக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது, அவர் சாகும்வரை சொல்ல மாட்டார். கேட்டில் சுரேகா பசை கலக்கிக்கொண்டிருந்தாள். மே மாதம் நான் எழுதிய ஒரு பொய்யை நம்பித்தான் இத்தனையும். அது தெரியாமல் எழுதிய பொய். இப்போது தெரிந்தே ஒன்றை, அதுவும் இந்தப் பெண்ணின் கையாலேயே எழுத வைக்கப்போகிறேனா?

"வியாழக்கிழமை" என்றேன். "சாயங்காலம்... இல்ல, மத்தியானம் மூணு மணின்னு போடும்மா."

எழுத ஆரம்பித்தாள். வியாழன் என்று எழுதி முடித்ததும் பேனா நின்றது. தலை நிமிரவில்லை. அந்தப் பெண் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"விருந்து ஆரம்பிச்சது அஞ்சு மணிக்கு" என்றாள்.

"ஆமாம்."

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் வந்து உட்கார்ந்திருந்தீங்க."

"ஆமாம்மா."

இப்போது நிமிர்ந்தாள். "அம்மா குடுத்த சர்பத்தை நீங்க குடிச்சீங்களா?"

"இல்ல."

வைஷாலி ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். மற்றக் கையால் மூணு மணி என்று எழுதி முடித்தாள். பேனாவை என் பக்கம் தரையில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை லேப் ரிசல்ட் வந்தது. பொடி பொய் சொல்லவில்லை. பூமி பூஜை தள்ளிப்போயிற்று. டேங்கர் திரும்ப வந்தது. பழைய தொட்டியின் அடித்தளத்தை உடைத்துக் கசடை எடுக்க இன்னொரு வருஷம் பிடித்தது. நிலத்தடித் தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்வது இன்னும் நடக்கிறது, உங்களில் ஒருவனே அங்கே போய்வருகிறான். தகடுகள் நிற்கின்றன. மின்சாரமும் வருகிறது. இப்போது அந்தக் கிணற்றை மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்கிறோம், ஆனால் யாரையும் அதைக் குடிக்கச் சொல்வதில்லை. பிறகு ஒரு கூட்டத்தில் முதலாளி, எங்கள் கம்பெனி ஒரே நாளில் மக்களை எச்சரித்தது என்று பேசினார். எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தண்ணீர் எந்த நாளில் கெட்டது என்று எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஜூலையில் கெட்டிருக்கலாம். ஒரு மாதம், ஒன்றரை மாதம் அவர்கள் குடித்திருக்கலாம். "அத்தனை நாள் குடிச்சாங்களாம், அதுல ஒரு சாயங்காலம் என்ன பெரிய வித்தியாசம்?" என்று முதலாளி ஆறுதலாகத்தான் கேட்டார். வித்தியாசம் இருக்கிறது. அந்த ஒன்றரை மாதம் என் தவறு. அந்தச் சாயங்காலம் தவறு இல்லை. அது நான் செய்தது.

வைஷாலிக்குப் பெண் குழந்தை. டாக்டர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், தோலில் தடிப்பு வந்தால், சோறு இறங்கவில்லை என்றால் வைஷாலி எனக்குப் போன் செய்வாள். நலமா என்று கேட்க மாட்டாள். "தாயி, இது அந்தத் தண்ணியாலயா?" என்பாள். "தெரியலம்மா, டாக்டர்கிட்டக் காட்டு" என்பேன். வைத்துவிடுவாள். போனில் அவள் பேரைப் பார்த்தாலே எனக்குப் பயம். ஒரு தடவை கூட எடுக்காமல் விட்டதில்லை.

இந்த ஜூனில் குழந்தையை அவள் மாமியார் ஊரில் பாலர் வகுப்பில் சேர்த்தாள். பள்ளியில் போர் தண்ணீர். பக்கத்தில் ஏதோ பழைய சாயப்பட்டறை இருந்த இடமாம். அதனால் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொடுத்தனுப்புகிறாள். வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். மழை முடியட்டும், அதற்கு முன்னால் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். முந்தாநாள் திரும்பக் கூப்பிட்டாள்.

"மழை விட்டாச்சு தாயி. சனிக்கிழமை வர்றீங்களா?"

"வர்றேன். பாட்டில்ல எடுத்து லேபுக்குக் குடுப்போம். ரிசல்ட் வந்ததும் நானே போன் பண்ணிச் சொல்றேன்."

"போன்ல வேண்டாம்" என்றாள். "ரிசல்ட்டை எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கே வாங்க. நல்ல தண்ணின்னா என் பொண்ணுக்கு முன்னாடி ஒரு டம்ளர் நீங்க முதல்ல குடிக்கணும்."

குடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். புதுப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், காலாவதித் தேதியை நாலு தடவை பார்த்துவிட்டேன்.